சித்தி லைலாட சாயமும் என்ட வயிறும்

என்ட மாமி, பொண்டாட்டிட உம்மா, பேரே சித்தி லைலா, அவவப் பத்திக் கதைக்கிற எண்டா முதல்ல என்ட வயித்தப் பத்தித்தான் கதைக்கணும். வெக்கம்தான், என்ன செய்யிற! மருதமுனையில இந்த விசயம் தெரியாத ஆக்கள் இல்ல. "கக்கூசுத் தண்ணி குடிச்ச மாப்பிள்ள" எண்டு சின்னப் புள்ளைகளும் எனக்குப் பின்னால கத்தியிரிக்கிதுகள். கத்தட்டும். நான் உசிரோட இரிக்கன், அது காணும்.

எண்பதாம் ஆண்டு சித்திரை மாசம் நான் நபீலாவக் கலியாணம் முடிச்சன். என்ட பேர் முனாப், ஊர் நிந்தவூர், நெல்லு மில்லில வேல. எங்கட பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளதான் பொண்டாட்டி வீட்டுக்குக் குடி போற. நானும் ஒரு தகரப் பெட்டியத் தூக்கிக்கிட்டு மருதமுனையில வந்து இறங்கினன். வீட்டில நபீலாவும் மாமியும் மட்டும்தான். மாமா மௌத்தாகி ஏழு வருசம்.

மாமி நூலுக்குச் சாயம் போடுற பொம்பிள. தறிக்கார ஆக்கள் சாறனுக்கும் சாரிக்கும் வெள்ள நூல் கொண்டந்து குடுப்பாங்க. மாமி பெரிய அண்டாவில சாயத்தக் கொதிக்க வச்சி, தடியால நூலப் புரட்டிப் புரட்டி நிறம் ஏத்திக் குடுப்பா. ரெண்டு கையும் முழங்கை மட்டும் ஒரு நாளைக்குச் சிவப்பு, ஒரு நாளைக்கு நீலம். எங்கட கலியாணத்துக்கு மருதோண்டி போட வந்த பொம்பிள மாமிட கையப் பாத்துட்டு, "இதில நான் எங்க போடுற?" எண்டு திரும்பிப் போயிட்டாவாம்.

கைதான் அப்படி எண்டா வாய் அதுக்கு மேல. ஆனா என்னோட மட்டும் நேருக்கு நேர் கதைக்க மாட்டா. மருமகனுக்கு மரியாதை. "நபீலா, மருமகன் இன்னும் கொஞ்சம் சோறு போடுவாரா எண்டு கேளு" எண்டு, நான் ரெண்டு முழம் தள்ளி இரிக்கக்குள்ளயே சொல்லுவா. நபீலா அதத் திருப்பி எனக்குச் சொல்லுவா. எனக்குச் சிரிப்பு வரும்.

மாமி ஒரு சட்டம் வச்சிருந்தா. சாயத் தண்ணிய வளவுக்குள்ள ஒரு சொட்டும் ஊத்தப்படாது. எங்கட ஊர் முழுக்கக் கடற்கர மணல். கிட்டத்தில ஊத்தினா மணலுக்கால இறங்கிக் கிணத்துக்கு வந்திரும், மறுகா அந்தத் தண்ணியில வெள்ள நூல் அலச ஏலா. அதனால ஒவ்வொரு வாளியையும் சுமந்துக்கிட்டு ரோட்டத் தாண்டி வெறுங்காணிக்குப் போவா. மழ பெய்தாலும் போவா. இடுப்பு நாரி முறிஞ்சாலும் போவா.

அப்படிப்பட்ட மனிசி, எழுபத்தெட்டுச் சூறாவளியில பழைய கக்கூசு பறந்து போன பொறகு, நிவாரணத்தில கிடைச்ச சீமெந்துக் கோப்பய எங்க வச்சிக் கட்டினா தெரியுமா? கிணத்தடியில இருந்து பத்தடியில! தண்ணி அள்ள லேசு எண்டு. எங்கட ஒழுங்கையிலயே முதலாவது சீமெந்துக் கக்கூசு அதுதான். மாமிக்கு அதில சரியான பெருமை. வந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் கதவத் திறந்து காட்டியிரிக்கா.

இனி என்ட வயித்துக் கதைக்கு வாறன்.

மாமியும் நபீலாவும் விடிஞ்சதில இருந்து படுக்கும் மட்டும் பிளேன்டீதான், பால் போடாத தேத்தண்ணி. தண்ணி தவிச்சாலும் பிளேன்டீ. எனக்கு மட்டும் அப்படியில்ல. புது மாப்பிள்ளைக்கு ஆறின தேயிலத் தண்ணி குடுக்கிறதா? ஒவ்வொரு சோத்துக்கும் மாமி அப்பத்தான் புதுசா வாளி இறக்கி அள்ளின பச்சத் தண்ணிய, பித்தளச் செம்பில ஊத்தி, வெள்ளச் சீலையால மூடி வைப்பா. குளுகுளு எண்டு இரிக்கும். நானும் மடக்கு மடக்கெண்டு குடிப்பன். கண்ணாடி மாதிரித் தண்ணி!

கலியாணம் முடிச்சி மூணாம் கிழம வயித்த முறுக்கத் தொடங்கிச்சி. காலயில நாலு தரம், பின்னேரம் ஆறு தரம். பொறகு சளியும் ரத்தமும். காய்ச்சல். புதுப் பொண்டாட்டிக்கு முன்னால வாளியத் தூக்கிக்கிட்டு ஓடுறத விட மௌத்தாகிறது நல்லம் எண்டு நினைச்சன். கல்முனை ஆசுபத்திரியில குளிச தந்தாங்க, சுகமாச்சி. பத்து நாளில திரும்ப வந்திச்சி. மறுகாவும் குளிச வாங்கிக்கிட்டு நிந்தவூருக்குப் போய் உம்மா வீட்டில கிடந்தன், சுகமாச்சி. மருதமுனைக்குத் திரும்பி வந்தன், அஞ்சாம் நாள் மறுகாவும் வாளி.

என்ட உம்மா, ஹாஜறா உம்மா, சும்மா இரிப்பாவா? "இஞ்ச வந்தா சுகம், அங்க போனா சுகமில்ல. எனக்கு விளங்கிட்டு" எண்டா. "அவள் என்ட புள்ளைக்கு மருந்து போட்டிரிக்காள்!"

மருந்து எண்டா ஆசுபத்திரி மருந்தில்ல. மாப்பிள்ளய மகளோட கட்டிப் போட மாமிமார் சோத்தில என்னமோ கலந்து குடுப்பாங்களாம். அது வயித்துக்குள்ள ஒட்டிக்கிட்டு ஆளக் கொஞ்சம் கொஞ்சமாத் திண்டு தீர்க்குமாம். உம்மா என்ன ஒரு மருந்தெடுக்கிற ஆளிட்டக் கூட்டிக்கிட்டுப் போனா. அவர் என்னமோ பச்சிலச் சாறு பருக்கி, குடலே வெளியால வாற மாதிரிச் சத்தி எடுக்க வச்சார். பொறகு அதுக்குள்ள இருந்து தும்பு மாதிரி ஒரு சின்ன உருண்டையத் தூக்கிக் காட்டி, "இதுதான்!" எண்டார். உம்மா அத லேஞ்சித் துணியில முடிஞ்சி இடுப்பில செருகிக்கிட்டா.

அத்தோட விட்டாவா? மருதமுனை றஸாக் மரைக்காரிட்டப் போய் முறைப்பாடு வச்சா. மரைக்கார்தான் எங்கட குடிக்குப் பெரியவர், கலியாண வழக்கெல்லாம் அவர்தான் தீர்க்கிற. "என்ட மகன உசிரோட தாங்க. அவன் தலாக் சொல்லிட்டு என்னோட வரட்டும்" எண்டு உம்மா அழுதாவாம். வாற வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு விசாரிப்பம் எண்டு மரைக்கார் சொல்லிட்டார்.

அண்டைக்கு நபீலா என்னிட்ட வந்து, "நீங்களும் நம்புறீங்களா?" எண்டு கேட்டா. நான் வாயத் திறக்கல்ல. சத்தியமாச் சொல்றன், இண்டைக்கும் அத நினைச்சா எனக்கு என்னிலயே ஆத்திரம் வருது. எருமமாடு மாதிரி நிலத்தப் பாத்துக்கிட்டு நிண்டன்.

ஊரும் கதைக்கத் தொடங்கிட்டு. நூல் கொண்டு வாறவங்க வாசலிலயே வச்சிட்டுப் போனாங்க, ஒரு பிளேன்டீ குடிங்க எண்டாலும் வேல இரிக்கி எண்டாங்க. மாமி ஆரோடயும் சண்ட பிடிக்கல்ல. அதுதான் எனக்குப் பயமாப் போச்சி.

திங்கக்கிழம காலயில மறுகாவும் ரத்தம். மாமி என்னக் கூட்டிக்கிட்டு ஆசுபத்திரிக்கு வந்தா. டொக்டர் என்னக் கண்டதும் கையில இருந்த மருந்துத் துண்டக் கீழ போட்டார்.

"ரெண்டு தரம் சுகப்படுத்தி அனுப்பினன், மூணாம் தரமும் வந்து நிக்கிறீர். இது வயித்துளைவு. கிருமி. மலத்தில இருந்து வாய்க்குப் போற கிருமி, தெரியுமா? என்ன தண்ணி குடிக்கிறீர்?"

"உம்மா வீட்டில தண்ணியே தாறல்ல, டொக்டர். வயித்தால போகக்குள்ள தண்ணி குடிச்சா இன்னும் போகும் எண்டு..."

"ஐயோ! போற தண்ணிக்குத் தண்ணி குடுக்காட்டி ஆள் காஞ்சி செத்திரும். கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடியும். இளநி குடியும். குளிசய முழுசா முடியும், சுகமெண்டு பாதியில விடாதயும். நான் கேட்டது மருதமுனை வீட்டில."

"கிணத்துத் தண்ணி."

"கிணத்துக்கும் கக்கூசுக் குழிக்கும் எத்தின அடி?"

மாமிக்கு ரோசம் வந்திட்டு. "பத்தடி இரிக்கும். அதுக்கென்ன? சீமெந்து போட்டு மூடின கக்கூசு! ஒரு ஈ போகாது!"

"மேல மூடியிரிக்கி, உம்மா. கீழ?" எண்டார் டொக்டர்.

பஸ்ஸில வீட்டுக்குத் திரும்பினம். பாண்டிருப்பு ஊரத் தாண்டினதும், மாமி பக்கத்துச் சீட்டில இருந்த என்னப் பாத்து, வாழ்க்கையில முதல்தரம் நேருக்கு நேராக் கதைச்சா.

"மருமகன், சாயத் தண்ணிய நான் ரோட்டத் தாண்டிக் கொண்டு போறன். மத்தத..." எண்டு நிப்பாட்டினா. முகத்தில ரத்தமே இல்ல. "யா அல்லாஹ், நாங்க கொதிச்ச தேத்தண்ணி குடிச்சித் தப்பிக்கிட்டு, ஒங்களுக்கு நான் என்னத்தக் குடுத்திரிக்கன்!"

வேறொரு ஆளா இருந்தா அத்தோட வாயப் பொத்திக்கிட்டு இருந்திரிக்கும். மருந்து வச்சவள் எண்ட பேர் ஒரு பக்கம், மருமகனுக்குக் கக்கூசுத் தண்ணி குடுத்தவள் எண்ட பேர் மறுபக்கம். எந்தப் பேரோட ஊரில தல நிமிர்ந்து நடக்கிற? மாமி பஸ்ஸால இறங்கி வீட்டுக்கும் போகல்ல, நேரா மரைக்கார்ட வீட்டுக்குத்தான் போனா.

பின்னேரம் மரைக்காரும் அவர்ட மருமகன் இப்றாஹிமும் வந்தாங்க. அவங்கட கண்ணுக்கு முன்னால மாமி ஒரு டின் சிவப்புச் சாயத்த வெந்நீரில கரைச்சி, கக்கூசுக் கோப்பயில ஊத்தி, பத்து வாளி தண்ணி அடிச்சா. பொறகு கிணத்துக்குப் பலக மூடி போட்டுப் பூட்டி, துறப்புச் சாவிய மரைக்காரிட்டக் குடுத்தா. "காலயும் பின்னேரமும் இப்றாஹிம் வந்து அம்பது வாளி அள்ளி ரோட்டில ஊத்தட்டும். அள்ளினாத்தான் ஊறி வரும், குழித் தண்ணி கிணத்துக்கு வந்தாச் சாயமும் வரும். நான் கிட்டயும் வாறல்ல" எண்டா.

செவ்வாய் ஒண்டும் இல்ல. புதன் ஒண்டும் இல்ல. வியாழன் பின்னேரம் இப்றாஹிம் கடைசி வாளிய ஊத்திட்டு, "ராத்தா, நல்ல தண்ணிதான்" எண்டு தலயச் சொறிஞ்சிக்கிட்டுப் போனான். எங்கட வீட்டில அண்டைக்கு ஆரும் சோறு தின்னல்ல.

வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி வளவு நிறைய சனம். உம்மா லேஞ்சிய அவுத்து அந்த உருண்டைய மரைக்காருக்கு முன்னால வச்சா. "இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

மரைக்கார் பூட்டத் திறந்தார். இப்றாஹிம் வாளி இறக்கி அள்ளினான். எல்லாரும் எட்டிப் பாத்தம். கறுத்த தகர வாளி, தெளிஞ்ச தண்ணி.

"கண்ணாடி மாதிரி இரிக்கி!" எண்டா உம்மா. சனம் முணுமுணுக்கத் தொடங்கிட்டு. நபீலா சுவரப் பிடிச்சிக்கிட்டா.

மாமி அசையல்ல. முப்பது வருசம் நிறம் பாத்த கண்ணெல்லோ! "வாளியில பாத்தா என்ன தெரியும்? நபீலா, அந்த வெள்ளப் பீங்கான் பேசினக் கொண்டு வா!" எண்டு அதட்டினா. இப்றாஹிம் வாளித் தண்ணிய அதில ஊத்தினான்.

ரோசாப்பூ நிறம்.

மாமி இன்னொரு வாளி அள்ளச் சொன்னா. அடியில இருந்து வந்த தண்ணி இன்னும் சிவப்பு. வெள்ள நூல் கழி ஒண்ட அதில முக்கி எடுத்து, எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடிச்சா. நூலிலயும் சிவப்பு.

"ஓம் சம்மந்தி," எண்டா மாமி உம்மாவப் பாத்து. தல குனியல்ல. "ஒங்கட மகனுக்கு நான்தான் குடுத்தன். மருந்தில்ல, இந்தத் தண்ணி! என்ட கையால, பித்தளச் செம்பில, மரியாதையாக் குடுத்தன். பிழ என்னிலதான். ஆனா சூனியக்காரி எண்டு மட்டும் என்னச் சொல்லாதீங்க. இனி இந்தக் கிணத்துத் தண்ணி சாயத்துக்குத்தான். அந்தக் குழிய இண்டைக்கே மூடி, வளவிட மத்தத் தொங்கலில புதுசு வெட்டுவம். குடிக்கத் தண்ணி வெளியால இருந்து கொண்டந்து, அதையும் கொதிக்க வச்சித்தான் குடிப்பம்."

மரைக்கார் என்னப் பாத்தார். "தம்பி முனாப், நீ சொல்லு."

நாலு மாசமா எங்கயோ ஒளிச்சிருந்த நாக்கு அப்பத்தான் வந்திச்சி. "என்ட பொண்டாட்டிய நான் விட மாட்டன். மாமி எனக்கு மருந்து வைக்கல்ல. இத நான் முந்தியே சொல்லியிரிக்கணும். நபீலா, என்ன மன்னிச்சிரு" எண்டன். சனத்துக்கு முன்னால, உம்மாவுக்கு முன்னால. நபீலா முந்தானையால முகத்தப் பொத்திக்கிட்டு அழுதா. எனக்கும் கண் கலங்கிட்டு, ஏன் பொய் சொல்ற.

உம்மா அந்தப் பேசினையே பாத்துக்கிட்டு இருந்தா. சண்டைக்கு வரப் போறா எண்டுதான் நான் நினைச்சன்.

"லைலா," எண்டா மெதுவா. "என்ட மகள் றஹீமாட சின்னவனுக்கு மாசத்தில ரெண்டு தரம் வயித்தால போகுது. பல்லு முளைக்கிது எண்டுதான் சொல்லிக்கிட்டு இரிக்கம். எல்லாப் பல்லும் முளைச்சிட்டு." மாமிக்குக் கிட்ட வந்தா. "அவங்கட குழியும் கிணத்தடியிலதான். அந்தச் சாயத்தில கொஞ்சம் தாறியா?"

"தர மாட்டன்" எண்டா மாமி.

சனம் திடுக்கிட்டிச்சி.

"நானே வாறன். எத்தின மணிக்கு பஸ்?"

ரெண்டு பேரும் ஒரு பஸ்ஸில ஏறி நிந்தவூருக்குப் போனாங்க. என்ன வா எண்டும் கேக்கல்ல. றஹீமாட கிணறு ரெண்டாம் நாளே சிவந்திட்டு. அந்தக் குழிய மூடினாங்க, தண்ணிய அவிச்சாங்க, கக்கூசுக்குப் போய் வந்தா சவுக்காரம் போட்டுக் கை கழுவணும் எண்டு மாமி வீடு முழுக்கச் சட்டம் போட்டுட்டு வந்தா. எலும்பும் தோலுமா இருந்த அந்தப் புள்ள ஆறு மாசத்தில கன்னம் வச்சி, தூக்க ஏலாத பாரம்.

அதுக்குப் பொறகு மாமிட சாய டின் போகாத ஒழுங்கை இல்ல. எண்பத்தாறாம் ஆண்டு மட்டும் எண்ணினன், எழுபத்தி ரெண்டு கிணறு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரே வந்து, "சித்தி லைலா உம்மாவக் கொஞ்சம் அனுப்புங்க" எண்டு கேட்டுக் கூட்டிக்கிட்டுப் போறார். ஆராவது மாமியப் பத்தி ஒரு கூடாத சொல் சொன்னா, எனக்கு முந்தியே, சீலய இழுத்துச் செருகிக்கிட்டுச் சண்டைக்குப் போறது என்ட உம்மாதான்.