ஒப்பந்தத்தில் தம்பியின் பெயர்

அந்த போன் ஓர் அரபு நாட்டில் விற்பனைக்கு வந்த வாரம், என் கடைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அதை வாங்க வரவில்லை. திட்டத்தான் வந்தார்கள். பழவேற்காடு கடைத்தெருவில் எனக்கு ஒரு செல்போன் கடை இருக்கிறது. ரீசார்ஜ் போடுவது, உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றுவது, ஏரித் தண்ணீர் புகுந்த போனைப் பிரித்துத் துடைத்துக் காயவைப்பது, இவைதான் வேலை. புது போனின் விலையை என் செல்லில் எடுத்துக் காட்டினால், பார்த்தவர்களுக்கெல்லாம் வாய் நீண்டது.

"இன்னாபா இது, இந்தக் காசுக்கு போட்டுக்கு இன்ஜினே வாங்கிடலாமே. இது மீனு புடிக்குமா?"

"மீனு புடிக்காது, உன்னைப் புடிக்கும்" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊருக்கே தெரியும்; அந்த வாரம் அதிகமாகத் திட்டியவனும் நான்தான். அந்த நாட்டில் எடுத்த வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். கீழே கருத்து எழுதும் இடத்தில் ஒரே ரகளை. விலையைப் பார்த்து ஒரு கூட்டம் கொதித்தது. இரண்டு வருடம் போனை விற்கும் கம்பெனியின் சிம் இணைப்பை விடக் கூடாது என்ற நிபந்தனையைப் பார்த்து இன்னொரு கூட்டம் கொதித்தது. அங்கே வேலை பார்க்கும் நம் ஆள் ஒருவன், "போன் விக்கிறீங்களா, தாலி கட்டி வைக்கிறீங்களா?" என்று தமிழிலேயே கேட்டிருந்தான். அதற்கு நானும் ஒரு லைக் போட்டேன்.

லைக் போட்ட அதே நான்தான் என் தம்பியை அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தம்பி அந்த அரபு நாட்டில் ஒரு முதலாளியின் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்த்தான். கல்யாணமான ஆறாம் மாதம் போனவன், மகள் முகத்தைக்கூட வீடியோவில்தான் பார்த்தான். அவனுடைய பழைய போன் கடலில் விழுந்துவிட்டது. ஒரு வாரம் அடுத்தவன் போனில் பேசிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அங்கே ஒரு போன் கடை வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டான்.

"ணா, அந்தப் புது போனுதான். இப்ப கையில ஒண்ணும் தர வேணாமாம். மாசா மாசம் கட்டுனா போதுமாம். எடுக்கட்டா?"

காகிதங்களைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். பதினான்கு பக்கம். பாதி அரபியில், பாதி ஆங்கிலத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கடையில் கூட்டம் இருந்தது. நான் இரண்டு பக்கம் படித்தேன். மாதத் தொகை கண்ணில் பட்டது. அது சின்னதாக இருந்தது. "எடுடா, சும்மா யோசிச்சிக்கினு நிக்காதே" என்றேன். வீடியோவில் அத்தனை பேர் கத்தினார்களே, அதெல்லாம் காசுள்ளவன் கத்தல், நமக்கென்ன என்று தோன்றிவிட்டது. போன் வியாபாரி அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவனும் போட்டுவிட்டான் கையெழுத்தை.

போன் எடுத்த எட்டாம் மாதம் முதலாளி லாஞ்சை விற்றுவிட்டார். தம்பிக்கு மூன்று மாதத்தில் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அதில் அவனுக்கு வருத்தமில்லை. ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் எங்கள் குப்பத்தில் பாடு லிஸ்டில் புதுப் பெயர் சேர்க்க இருந்தார்கள்.

பாடு என்றால் ஏரியில் இறால் பிடிக்க ஊர் வைத்திருக்கும் முறை. நல்ல இடம் கொஞ்சம்தான், ஆள் நிறைய. அதனால் லிஸ்டில் பெயர் உள்ளவர்கள் நாள்வாரியாக முறை வைத்து வலை கட்டுவார்கள். நைனா இறந்ததும் அவருடைய பெயர் மூத்தவனான எனக்கு வந்தது. நான் கடையில் உட்கார்ந்துவிட்டேன், ஏரியில் இறங்கிப் பல வருடமாகிறது. அதற்கும் ஊரில் வழி உண்டு. போக முடியாதவன் நாலு பேர் முன்னால் "இன்னிக்கு என் முறையில இவன் நிப்பான்" என்று சொன்னால் முடிந்தது. அதன்பிறகு இறாலும் நிற்பவனுக்கு, நஷ்டமும் நிற்பவனுக்கு, தப்பு செய்தால் அபராதமும் நிற்பவனுக்கு. பெயருக்குரியவனை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். தம்பி ஊரில் இருந்தவரை என் முறையில் அவன்தான் நின்றான். அவன் போன பிறகு வேறொருவர் நிற்கிறார், எனக்குக் குழம்புக்கு இறால் வரும். ஆனால் பெயர் இல்லாதவனுக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சில்லை. அண்ணன் முறையில் நின்று வயிறு வளர்க்கிறவன் என்று தம்பியைச் சில பேர் சொல்லியிருக்கிறார்கள், அவன் பொண்டாட்டி காதில் விழும்படியே சொல்லியிருக்கிறார்கள். தனக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்பதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் இருந்த ஒரே வெறி.

போன் ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது. நடுவில் விட்டால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டவேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். "என்னணா பண்றது?" என்று தம்பி கேட்டான். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"உன் ரூமுல சுண்ணாம்புக்குளத்து ஆளு இருக்கான்ல? போனை அவன்கிட்ட குடுத்துடு. மீதியை அவன் கட்டிக்கட்டும். சும்மா குடுக்காதே, நாலு பேரை வச்சிக்கினு குடு."

அந்த வாரமே அப்படிச் செய்தான். அறையில் இருந்த நாலு பேரை உட்காரவைத்து, இனி இந்த போனுக்கு இவன்தான் பொறுப்பு என்று சொல்லிக் கொடுத்தான். சுண்ணாம்புக்குளத்துக்காரனும் ஏரிக்காரன்தான், அவனுக்கும் அது முழுசாகப் புரிந்தது. நாணயமான ஆள், மாதம் தவறாமல் போனுக்கான பணத்தைக் கட்டினான். ஆனால் முறையில் நிற்பவன் தன் சொந்த வலையைத்தானே கட்டுவான்? அவன் தம்பியின் சிம்மைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தன்னுடைய சிம்மைப் போட்டுக்கொண்டான். போனுக்கு ஒரு கணக்கு, அந்த சிம்முக்கு மாத வாடகை என்று தனியாக ஒரு கணக்கு, இரண்டும் தம்பியின் பெயரில் ஓடுகிறது என்பது எங்கள் மூவருக்குமே தெரியாது. அது நான் படிக்காமல் விட்ட பன்னிரண்டு பக்கங்களில் ஏதோ ஒன்றில் இருந்தது.

ஊர்க்கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தம்பி விமான நிலையத்துக்குப் போனான். மகளுக்கு வாங்கிய பொம்மையைத் தனியாகக் கையில் வைத்திருந்தானாம். பாஸ்போர்ட் நம்பரைத் தட்டிப் பார்த்த அதிகாரி அவனை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார். சிம் வாடகை கட்டவில்லை என்று போன் கம்பெனி கொடுத்த புகார் இருக்கிறது, நாட்டை விட்டுப் போக முடியாது.

ஒரு சிம்முக்காக! கொலை செய்தவனை நிறுத்துகிற மாதிரி என் தம்பியை நிறுத்தினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் காலையில் அந்தக் கம்பெனியின் நம்பருக்கு என் கடையிலிருந்தே கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று அரைமணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள், கொஞ்சம் தமிழ் தெரிந்தவள். நாலு பேர் சாட்சியாக போனைக் கைமாற்றியாயிற்று, இனி அவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன்.

"சார், ஒப்பந்தம் அவர் பேர்ல இருக்கு. நீங்க யார்கிட்ட கொடுத்தாலும் எங்களுக்கு அவர்தான்."

"அப்ப பேரை மாத்தும்மா! எடுத்துக்க ஆளு ரெடியா கீறான், பணமும் கட்டிக்கினு கீறான், இன்னா கேடு உங்களுக்கு?"

"பேர் மாத்தறதுக்கு விதியில்லை சார்."

அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பிரியாணிக் கடைக்காரர் ஓடிவந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அதற்கு முன்பே, மனிதன் பெரிதா, காகிதத்தில் இருக்கும் பெயர் பெரிதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வாங்குகிறவன் இருக்கிறான், கொடுக்கிறவன் சம்மதிக்கிறான், நடுவில் நின்று பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே, நீங்கள் மனிதர்கள்தானா என்று கேட்டேன். கடையில் இருந்த எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பியின் நிலைமை என்னவென்று விசாரிக்க வந்திருந்த அவன் பொண்டாட்டியும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

அறை நண்பர்கள் சேர்ந்து அன்றைக்கே பாக்கியைக் கட்டிவிட்டார்கள். பணம் வந்துவிட்டது, ஆனால் தடையை நீக்கும் காகிதம் கம்பெனியிலிருந்து போலீசுக்கும் போலீசிலிருந்து விமான நிலையத்துக்கும் போக ஒரு வாரமாகும் என்றார்கள். கூட்டம் மறுநாள். புதிதாகப் பெயர் சேர்க்க ஆள் நேரில் வந்து ஊர் முன்னால் நிற்கவேண்டும். தவறவிட்டால் அடுத்த சேர்ப்பு மூன்று வருடம் கழித்துத்தான்.

நான் ஊர்த் தலைவரிடம் ஓடினேன். வீடியோவில் தம்பி வருவான், எல்லாரும் பார்க்கலாம், அதையே வந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வெற்றிலையை மென்றபடியே கேட்டார்.

"போன்ல மூஞ்சி காட்டுனா ஆளு வந்ததா ஆயிடுமா? நாளைக்கு முறை வந்தா போன்லயே வலை வுடுவானா?"

அவரையும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். கம்பெனிக்காரன் அங்கே ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஆடுகிறான், இவர் இங்கே ஒரு லிஸ்டை வைத்துக்கொண்டு ஆடுகிறார், ஏழைக்குப் பிறந்தவன் எங்கே போவான் என்று கூடத்தில் நின்று கத்தினேன். தம்பி பொண்டாட்டி வாசற்படியில் நின்றாள். அழுது முடித்த முகம். அவள் என் முன்னால் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது, அன்றும் உயர்த்தவில்லை.

"மாமா, உங்க பேரை அவருக்குக் குடுத்துடுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை.

"வீட்டுக்குள்ள மாத்துறதுக்கு ஆளு நேர்ல வர வேணாம். குடுக்குறவரு எழுந்து சொன்னா போதும். எங்க அப்பன் அப்படித்தான் சித்தப்பனுக்குக் குடுத்தாரு. நீங்க ஏரியில எறங்கியே எம்மாம் வருஷமாச்சு. அந்தப் பேரு உங்களுக்கு சும்மாதானே கெடக்குது?"

சரி என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. அது நைனா பெயர் என்றேன். மூத்தவனுக்கு உள்ளது என்றேன். கடை நாளைக்கே படுத்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன் என்றேன். ஊர்க்கூட்டத்தில் என்னை யார் மதிப்பார்கள் என்று மட்டும் சொல்லவில்லை, அதுதான் உண்மையான காரணம். பேசப் பேச என் குரல் ஏறியது. அவள் குழந்தையை இடம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"வாங்குறவன் இருக்கான், பேரை மாத்த இன்னா கேடுன்னு அந்தப் பொண்ணைக் கேட்டீங்களே மாமா, கடையில. நான் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள், போய்விட்டாள். நான் அவளைத் திமிர் பிடித்தவள் என்று என் மனைவியிடம் திட்டினேன். மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம். ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம், பெண்கள் எதிரே வேப்பமரத்தடியில் நின்றார்கள். புதுப் பெயர்கள் ஏழு சேர்ந்தன. பிறகு வழக்கம்போல் பழைய லிஸ்டைத் தலைவர் வாசித்தார். பெயர் வந்ததும் அவரவர் எழுந்து "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். கொடுப்பதென்றால் அந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். என் பெயருக்கு நாலு பெயர் முன்னாலிருந்தே சொல்லவேண்டிய வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன், இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி.

"இருக்கேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. தலைவர் அடுத்த பெயருக்குப் போனார்.

உட்காரும்போது மரத்தடியைப் பார்த்தேன். தம்பி பொண்டாட்டி கூட்டம் தெரியும்படி போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தாள். போன் திரையில் தம்பி இருந்தான்.