தாரை வார்க்க நின்றவன்

ஜெயபுரத்தில் எங்கள் கோயிலில் இதிகாசக் கதைகளுக்குப் பயன் சொல்வது நான்தான். ஒருவர் செய்யுளை இராகம் இழுத்துப் படிப்பார். நான் பொருள் சொல்வேன். கல்யாணக் கட்டங்கள் வந்தால் எனக்குத் தொண்டை தானாகத் திறந்துவிடும். வில்லை முறித்துப் பெண் எடுத்தாலும் சரி, சுழலும் மீனை அடித்து எடுத்தாலும் சரி, கடைசியில் தகப்பன் மகளின் கையைப் பிடித்துத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தால்தான் அது கல்யாணம் என்று அடித்துச் சொல்வேன். என் வாயே எனக்கு வினையாகும் என்று யார் கண்டது?

அக்காவின் மகளுக்குப் பரந்தனில் மாப்பிள்ளை பொருந்தியது. அத்தான் போரின் கடைசி நாள்களில் சனத்துக்குள் காணாமற்போனவர். அக்கா தேடாத இடமில்லை. இன்றைக்கும் பெரிய குங்குமப் பொட்டும் தாலிக்கொடியுமாகத்தான் வெளிக்கிடுவாள். அவர் இல்லை என்று அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை. எனக்கும் துணிவில்லை.

கல்யாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் நட வந்த ஐயர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தாரை வார்க்கிறது ஆர்? தாய்மாமனும் பெண்சாதியும் நிண்டால் சரிதானே? தகப்பன் இல்லாத பிள்ளையளுக்கு அதுதான் வழமை."

"தகப்பன் இல்லையெண்டு ஆர் சொன்னது?" என்றாள் அக்கா.

ஐயர் என்னைப் பார்த்தார். அக்காவும் என் பக்கம் திரும்பினாள்.

"நீதானே தம்பி கோயிலிலை சொன்னனீ. பெண்சாதி பக்கத்திலை இல்லாமல் ராசா யாகம் செய்யேக்கை, அவாவைப் போலப் பொன்னிலை ஒரு உருவம் வைச்சவரெண்டு. அவா அப்ப காட்டிலை உயிரோடைதானே இருந்தவா? இவருக்கும் அப்பிடி ஒண்டு வைப்பம். பொன் வேண்டாம், தர்ப்பையிலை எண்டாலும் காணும்."

ஐயர் நல்ல மனிதர். தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, தர்ப்பையிலை உருவம் செய்யிறது வேறை கிரியைக்கு," என்றார்.

உடல் கிடைக்காதவர்களுக்கு அப்படிச் செய்துதான் கொள்ளி வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதை அறியாத வீடில்லை. அக்காவுக்கும் தெரியும். கையிலிருந்த மஞ்சளைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஐயர்மேல் கோபம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார்மேலும், ஒரு காரணமும் இல்லாமல், வந்தது. நிற்கிறேன் என்றால் அத்தானைச் சாகடித்தவன் ஆவேன். மாட்டேன் என்றால் பிள்ளையின் கல்யாணம் குழம்பும். இருதலைக்கொள்ளி எறும்புக்கு எத்தனையோ தரம் பொருள் சொன்ன எனக்கு, அது எப்படிச் சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பின்னேரம் அக்காவே தேடி வந்தாள்.

"நீயே நில்லு. ஆனா மாமனா நிக்காதை. அவற்ரை உருவமா நில்லு. விளங்குதோ?"

"ஓமக்கா," என்றேன்.

கல்யாணத்தன்று நான் மருமகளின் கையைப் பிடிக்க, என் மனைவி செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள். ஐயர் பிள்ளையின் பூட்டன், பாட்டன் பெயர்களைச் சொல்லி, அத்தானின் பெயரைச் சொன்னபோது, மணவறைக்கு முன்னால் நின்ற அக்கா மண்டப வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பந்திக்குப் போகிற சனம்தான் நின்றது.

கிரியை முடிந்ததும், பெண்ணின் தகப்பனுக்கு மரியாதை என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு புதுச் சேட்டு எனக்குப் போட்டு, பொத்தானும் பூட்டிவிட்டார்கள். படத்துக்கும் அதோடுதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து கதிரையில் உட்காரவும் விடவில்லை, அக்கா கையை நீட்டினாள்.

"சேட்டைக் கழட்டித் தா."

"தோய்ச்சுத் தாறன் அக்கா."

"வேண்டாம். உருவத்துக்குப் போட்டது ஆளுக்குத்தான் சேரவேணும்."

கழற்றிக் கொடுத்தேன். மேசையில் விரித்து, தோள் அகலத்தைச் சாண் போட்டுப் பார்த்தாள்.

"உனக்கு அளவுதான். அவருக்குப் பெரிசு. இப்ப நல்லா மெலிஞ்சிருப்பார், என்ன? ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைக்கவேணும்."

நான் வெறும் மேலோடு நின்றேன். தனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஊசியில் நூலைக் கோத்துத் தா என்றாள். கோத்துக் கொடுத்தேன்.