பிரேக் இல்லாத பித்தளை வேகன்

பழைய சாமான் வாங்கி விற்கும் தொழிலுக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. வேறெங்கும் நிற்க விடாததால் வந்து சேர்கிறார்கள். எனக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த என்னை, குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னதற்காக கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். இரண்டாவது, எனக்காகப் பேசப் போன சங்கத் தலைவர்கள் உள்ளே டீ குடித்துவிட்டு, எனக்கு வேலை வாங்குவதற்குப் பதில் செக்ஷனுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது, அதைக் கண்டித்து நான் எழுதிய துண்டறிக்கைக் கட்டை அதே சங்கம் எடைக்குப் போட்டது. நான்காவது, அந்தத் தாளில் மடித்த கடலையை பழைய பஸ் ஸ்டாண்டில் நானே காசு கொடுத்து வாங்கித் தின்றேன்.

ஐந்தாவதுதான் இந்தக் கடை. வீரபாண்டியில் தகரக் கூரை போட்டு உட்கார்ந்தபோது ஊரெல்லாம் செல்போன் வந்துவிட்டது, பழசு எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது. என்னைப் போலவே அடுத்தவர் வீட்டுக் கழிவில் விலை தேடிப் பிழைக்கும் நண்பர்களே, பொருளுக்கு விலை போடுவது சுலபம். அது என்ன பொருள் என்று கண்டுபிடிப்பதற்குள்தான் உயிர் போய்விடுகிறது.

பந்தல் விளக்கு

புது பங்களா கட்டிய ஏற்றுமதியாளர் ஒருவர் ஹாலில் வைக்கப் பழமையான பொருள் ஒன்று வேண்டும் என்று வந்தார். ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பொருளா என்று கேட்டார். இல்லை, அவருடைய அப்பா கம்பெனி வாசலில் நாங்கள் போட்ட வேலைநிறுத்தப் பந்தலில் எரிந்த விளக்கு என்றேன்.

கோபித்துக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விளக்கைக் கீழே வைக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்: “அப்படின்னா இதுக்கு விலை கூடுமுங்களா, குறையுமுங்களா?”

வேஸ்ட் துணிக்குள் ஒரு கூட்ஸ்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்தாள் எஸ்தர். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பக்கத்து கம்பெனியில் தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் செக்ஷன், தங்குவது கம்பெனி ஹாஸ்டலில். பனியன் வேஸ்ட் துணியைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். பித்தளையில் செய்த கூட்ஸ் வண்டிப் பெட்டி ஒன்று. ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் மேல் நீளம். நாலு சக்கரமும் உருண்டன. பக்கவாட்டில் கதவுபோல் கோடு கிழித்திருந்தது, ஆனால் கதவு திறக்கவில்லை. கூரையைத் தள்ளினால் அது மட்டும் சறுக்கித் திறந்தது. உள்ளே சின்னச் சின்னத் தடுப்புகள், பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தன. அதில் அவள் ஹேர்பின்னும் பாசிமணியும் போட்டு வைத்திருந்தாள்.

அம்மா அவளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே இறந்துவிட்டாளாம். சித்தி வீட்டுப் பரணில் கிடந்ததை, அம்மாவுடையது என்று சொல்லிக் கையில் கொடுத்தார்களாம். அதற்குமேல் சொல்ல யாரும் மிச்சமில்லை. என்ன விலைக்குக் கொடுப்பாய் என்று கேட்டேன், தொழில் புத்தி. துணியை மறுபடி சுற்றப் போனாள். “விக்க வரல அண்ணாச்சி. இது என்ன சாமான்னு மட்டும் சொல்லுங்க, அப்படியே தூக்கிட்டுப் போயிருதேன்.”

சில நாள் என்னிடம் இருக்கட்டும் என்று கெஞ்சி வாங்கி வைத்தேன். முதலாளித்துவம் எப்படிப் பிறந்தது என்பதைப் பதினாறு பக்கத் துண்டுப் பிரசுரத்தில் தெரிந்துகொண்டவன் நான். இந்தப் பெட்டி எங்கே பிறந்தது என்று தெரியாமல் அவளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

கார்டு கண்ட குறை

காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. முழுக்கப் பித்தளை. தட்டினால் பொம்மைபோல் டப்பென்று சத்தம் வரவில்லை, கனமாக அதிர்ந்தது. ஆணி அடித்த வரிசை ஒரு மயிரிழை பிசகவில்லை. செய்தவன் தொழிற்சாலைத் தொழிலாளி என்பது மட்டும் நிச்சயம். கடைக்காரனுக்காகச் செய்தவன் இவ்வளவு பொறுமை காட்டமாட்டான்.

என் கடைக்குத் தினமும் பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருந்தார். வண்டியைக் குனிந்து பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், கூரையைத் தள்ளி உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். தான் கார்டாகப் போன கூட்ஸ் எதிலும் கூரை சறுக்கியதில்லை, உள்ளே தடுப்பு இருந்ததில்லை என்றார். பிறகு அடியில் எதையோ தேடினார். கிடைக்கவில்லை. என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்: “பிரேக் இல்லாத வண்டிக்கு நான் பச்சைக்கொடி காட்டமாட்டனுங்க தோழர்.”

டாக்டரின் ஆசை

கோவையில் ஒரு பல் டாக்டர் மொட்டை மாடி அறை முழுக்கச் சின்ன ரயில் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டு ஆளனுப்பினேன். காரில் வந்து இறங்கினார். பையிலிருந்து பூதக்கண்ணாடி, அளவுகோல், மூன்று தடித்த புத்தகம். பல்லைப் பார்ப்பதுபோலவே வண்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரங்களின் இடைவெளியை அளந்து, எந்த அளவு மாடலுக்கும் சேரவில்லை என்றார். தடுப்புகளைப் பார்த்து, வெடிமருந்து ஏற்றும் வண்டியாக இருக்கலாம் என்றார். டீ குடித்து முடித்ததும், இல்லை, ஒவ்வோர் அறையும் ஒவ்வோர் ஊர்த் தபாலுக்கு என்று மாற்றிக்கொண்டார். புத்தகங்களில் அப்படி ஒரு படம் இல்லை.

இல்லாத வண்டிக்கு என்ன விலை போடுவீர்கள் என்று கேட்டேன். ஒரு புதுத் தையல் மெஷினை, மோட்டார் மேசையோடு வாங்கும் விலையைச் சொன்னார். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். “இப்படி ஒரு வேகனை உலகத்துல எந்த ரயில்வேயும் ஓட்டுனதில்லைங்க. அதனாலதானுங்க எனக்கு வேணும்.”

சைஸ் கலந்த ரயில்

டாக்டர் சொன்ன விலையை எஸ்தரிடம் சொன்னேன். அது ஹாஸ்டலுக்குப் போனது, ஹாஸ்டலிலிருந்து கம்பெனிக்குப் போனது. மறுநாளே எஸ்தரை டேபிளிலிருந்து எழுப்பி, டிரங்குப் பெட்டியைச் சோதித்து, கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கம்பெனி மேனேஜர் அவளையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். முதலாளியின் பேரனுக்கு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் கொடுத்த ரயில் செட்டில் ஒரு பெட்டி காணவில்லையாம். பண்டிகைக்கு முன்பு முதலாளி வீட்டைத் துடைக்கப் போன பெண்களில் எஸ்தரும் ஒருத்தியாம். இது அந்தப் பெட்டிதான், கொடுக்காவிட்டால் இரண்டு பேர் மேலும் போலீஸில் புகார் என்றார்.

அந்த செட்டைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். பெட்டிகள் உள்ளங்கை அளவு, பிளாஸ்டிக். தண்டவாளத்தை மேசைமேல் வைத்து, பித்தளை வண்டியை அதன்மேல் நிறுத்திக் காட்டினேன். சக்கரங்கள் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் வெளியே நின்றன. மேனேஜருக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. ஒரே அட்டைப்பெட்டிக்குள் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று எண்ணிப் போட்டு அனுப்பியே காலம் தள்ளியவர். எக்ஸ்போர்ட் செட்டில் சைஸ் கலந்து வருவது சகஜம் என்றார்.

அது போகட்டும், இது அவளுடையதாக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டேன். வாசலில் நின்ற எஸ்தரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க தோழர், ரயில் பொம்மை வெச்சிருக்கற மூஞ்சிங்களா அது?”

வெந்தய வாசம்

மறுநாள் முதலாளி முன்னால் நியாயம் பேசுவது என்று முடிவானது. அழுக்குப் பொருளோடு போனால் பாதி வழக்கு அங்கேயே தோற்றுவிடும் என்பது என் அனுபவம். வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் புளி போட்டுத் தேய்த்தேன். உள்ளே தேய்க்க முடியாததால் புளித்தண்ணீர் ஊற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் மனைவி ஈஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, யார் ஊட்டில் வெந்தயம் வறுக்கிறார்கள் என்று கேட்டாள். யாரும் வறுக்கவில்லை. வாசம் வண்டியிலிருந்து வந்தது. பச்சைக் களிம்பு கரைந்த மூலையில் மஞ்சள் தெரிந்தது. பக்கத்து அறையில் ஒரு கடுகு.

வெடிமருந்தும் இல்லை, தபாலும் இல்லை. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த எவனோ ஒருவன், கூட்ஸ் வண்டி உருவத்தில் செய்த அஞ்சறைப் பெட்டி. அப்படியானால் இது கல்யாணச் சீராகத்தான் வந்திருக்கும் என்றாள் ஈஸ்வரி. சீர்ப் பாத்திரம் என்றால் பேர் வெட்டாமல் கொடுப்பார்களா? தடுப்புத் தட்டைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள். ஊறியிருந்ததால் முழுசாகக் கழன்று வந்தது. அடியில் புள்ளி புள்ளியாக எழுத்து. நியாயம் முடியும்வரை எஸ்தரை ஹாஸ்டலில் தங்கவிட்டிருந்தார்கள். அப்போதே அதன் வாசலுக்குப் போய், காரணம் சொல்லாமல் எஸ்தரிடம் அவள் அம்மா பெயரைக் கேட்டேன். சொன்னாள். அதே பெயர்.

திரும்பி வந்தபோது ஈஸ்வரி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “இத்தனை நாளா மூணு ஆம்பளைங்க சேர்ந்து சமையல் சாமானை வெச்சுக்கிட்டு ரயில்வே பேசியிருக்கீங்க.”

கைவிட்டுப்போன விலை

டாக்டருக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். ஏமாற்றிவிட்டாய் என்று வைவார், விலையைப் பாதியாக்குவார் என்று நினைத்தேன்.  செய்தவனுக்கு எஸ்தரின் அம்மா என்ன உறவு என்றுதான் கேட்டார். அவளுடைய தாய்மாமனாக இருக்கலாம், தெரியாது என்றேன். “மாடல்னா நாலு இடத்துல இருக்குமுங்க. இது ஒருத்திக்காகச் செஞ்சது. இதுக்கு விலை சொல்ல நான் யாருங்க?”

கேட்டுக்கு முன்னால்

அந்த முதலாளி நிலபுலமுள்ள தோட்டக்காரக் குடும்பம். ஆளை வெளியே நிறுத்தும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் நிறுத்துவார். அறைக்குள் பேசலாம் என்றார். அறைக்குள் போன பேச்சுவார்த்தை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கு முன்னால்தான், சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டேன். செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர்கள், இந்தி பேசும் பையன்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். எஸ்தர் யாரையும் பார்க்காமல் நின்றாள்.

நிபந்தனையை உரக்கச் சொன்னேன். இந்த வண்டிக்குள் ஒரு பெயர் இருக்கிறது. எஸ்தர் தன் அம்மா பெயரை வாட்ச்மேன் காதில் மட்டும் சொல்லட்டும். அதன் பிறகு முதலாளியே திறந்து படிக்கட்டும். இரண்டும் ஒன்றானால் அவள் இந்த நிமிஷமே டேபிளுக்குப் போக வேண்டும், வண்டி அவள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கள் இரண்டு பேரையும் போலீஸில் கொடுக்கலாம். மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார், முதலாளி கையமர்த்திச் சம்மதித்தார். எஸ்தர் வாட்ச்மேனிடம் போய்ச் சொன்னாள். பெரியவர் அதை மறந்துவிடக்கூடாது என்பதுபோல் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றார்.

முதலாளி கூரையைத் தள்ளினார், தட்டைத் தூக்கினார், வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். நான் போட்ட முழக்கங்களில் ஒன்றைக்கூட எந்த முதலாளியும் இதுவரை திருப்பிச் சொன்னதில்லை என்ற என் பழைய குறையைத் தீர்ப்பதுபோல், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அத்தனை பேர் காதிலும் விழும்படி கணீரென்று வாசித்தார்: “மரிய ஞானப்பூ.”