திருப்பி அனுப்பும் பொத்தான்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பால்காரர் முதல் சிலிண்டர் கொண்டு வருகிறவர் வரை எல்லோருக்கும் இது தெரியும். பணிமனையில் வேலை பார்க்கும் என் கணவர், "உன்னை சிஐடியில சேர்த்திருக்கணும்" என்பார். புத்தூரில் இருக்கும் எங்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் புதிய சாஃப்ட்வேர் வாங்கியபோது, யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று பிரித்துவைக்கும் வேலையை அதனால்தான் என் தலையில் கட்டினார்கள் என்று நினைக்கிறேன். நானும் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

சுற்றுவட்டாரத்தில் ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற சின்னச் சின்ன இடங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நிதி தருவது எங்கள் அறக்கட்டளையின் வேலை. முன்பெல்லாம் விண்ணப்பம் காகிதத்தில் வரும், மேசை மேசையாக நகரும், சில சமயம் மேசைக்கு அடியிலும் நகரும். இனி எல்லாம் கம்ப்யூட்டரில். முதலில் நான் சரிபார்ப்பேன். அடுத்து குழுவில் மூன்று பேர், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல் மார்க் போடுவார்கள். கடைசியாக, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் தலைவர் 'அப்ரூவ்' கொடுப்பார். ஏதாவது குறை என்றால் 'ரிட்டர்ன்' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் விண்ணப்பம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும்.

உரிமைகளைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு டிரஸ்டிக்கு 'வியூவர்' என்று போட்டிருந்தேன். "அப்ப நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் இருக்கேனா?" என்று அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ரிட்டர்ன் செய்கிறவர் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்று வைத்ததும் செயலாளர் பதறினார். "மத்தவங்க எழுதட்டும்ங்க. தலைவர்கிட்டப் போய்க் காரணம் கேக்கறதா? நல்லாவா இருக்கும்?" தலைவருக்கு மட்டும் அந்தக் கட்டாயத்தை எடுத்தேன். எனக்கு மனசே இல்லை. அதற்குப் பதிலாக, விண்ணப்பம் யாரிடம் தேங்கினாலும் அவருக்குத் தினமும் காலையில் ஒரு நினைவூட்டல் போகும்படி வைத்தேன். அதில் தலைவரையும் விடவில்லை.

அந்த வருடம் பெரும்பாலான விண்ணப்பங்கள் ஒரே கட்டாகப் போய் ஒரே நாளில் அப்ரூவ் ஆகிவிட்டன. முசிறியிலிருந்து ஒன்று மட்டும் தாமதமாக, தனியாக வந்தது. வாழைத் தோப்புகளில் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் மாலை வகுப்பு நடத்துகிறார். வாடகை இடம். வீட்டுக்காரர் பொறுத்தது போதும் என்று சொல்லிவிட்டார். இந்த நிதி வராவிட்டால் வகுப்பை மூடவேண்டியதுதான். டீச்சர் வாரம் தவறாமல் போன் செய்வார். "மேடம், நம்ம பேப்பர் எங்கங்க நிக்குது?"

குழு நல்ல மார்க் போட்டிருந்தது. ஆனால் தலைவர் பெயரில் ரிட்டர்ன் ஆனது. காரணம் எழுதவேண்டிய இடம் காலி. டீச்சர் போட்டோக்களை மாற்றி மறுபடி அனுப்பினார். மறுபடியும் எல்லாப் படியும் ஏறி, மறுபடியும் ரிட்டர்ன். இந்த முறையும் காரணம் காலி.

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. தலைவருக்குக் கம்ப்யூட்டர் வராது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கொடுத்த டேப்லெட், பெருமாள் அலமாரியில் தூங்குகிறது என்றுதான் பேச்சு. எங்கள் கணக்காளர் அவருக்குப் போன் போட்டு, "சார், உங்க செல்லுக்கு ஒரு நம்பர் வந்திருக்குமே, சொல்லுங்க" என்பார். அவர் சொல்வார், இவர் உள்ளே போய் அமுக்குவார். போதாததற்குக் கணக்காளரின் மச்சினி லால்குடியில் டியூஷன் நடத்துகிறாள், அவள் விண்ணப்பம் காத்திருப்போர் வரிசையில் முதலில் நின்றது. முசிறி விழுந்தால் லால்குடி ஏறும். இதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு?

கணக்காளரின் சிரிப்புகூட எனக்கு ஒரு மாதிரியாகத் தெரிய ஆரம்பித்தது. டீ வாங்கித் தந்தால் எதற்குத் தருகிறார் என்று யோசித்தேன். செயலாளரிடம் பேசி, தலைவரின் பாஸ்வேர்டை மாற்றவைத்தேன். ஒருவர் லாகினில் இன்னொருவர் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டு, கணக்காளரின் லாகினையும் நிறுத்தினேன். அவர் சத்தம் போடவில்லை.

"எடுத்துக்குங்க மேடம். ஆனா இன்னொரு தடவை திரும்பிச்சுன்னா அப்ப யாரைப் பிடிப்பீங்க?"

என்ன திமிர் என்று நினைத்தேன்.

திரும்பியது. கடைசித் தேதிக்கு முந்தின நாள், மூன்றாம் முறையாக, தலைவர் பெயரிலேயே. டீச்சரைப் போனில் பிடித்து உடனே மறுபடி அனுப்பச் சொன்னேன். குழுவில் மூன்று பேரையும் கெஞ்சி அன்றைக்கே மார்க் போடவைத்தேன். மறுநாள் தலைவர் அமுக்காவிட்டால் சாஃப்ட்வேர் அந்த வருடக் கதவை மூடிவிடும். இந்த முறை கண்ணால் பார்த்துவிடுவது என்று காலையிலேயே ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். கணக்காளர் இல்லை என்றால் தலைவரேதான், அவருக்கு யாரோ வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

உத்தர வீதியில் அவர் வீடு. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில், அலமாரியில் தூங்குவதாகச் சொன்ன அதே டேப். விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. வெய்யில்ல வந்திருக்கே, தீர்த்தம் சாப்பிடு" என்றார்.

தண்ணீரை வாங்கி வைத்துவிட்டு, முசிறி விண்ணப்பத்தைத் திருப்பியது யார் என்று நேராகவே கேட்டேன்.

"நான்தான். மூணு தடவையும் நானேதான் இதுல அமுக்கினேன்" என்றார், ஏதோ உதவி செய்தவர் போல. "ஒவ்வொரு தரமும் சரியா அஷ்டமியன்னிக்கு வந்து நிக்கறது. குழந்தைகள் படிக்கற விஷயம், அன்னிக்குப் போய்க் கையெழுத்துப் போடலாமோ? சரி, ரெண்டு நாள் வெச்சுண்டிருக்கலாம்னா, உங்கள்ட்டதான் நிக்கறது, உங்கள்ட்டதான் நிக்கறதுன்னு கார்த்தால மெசேஜ் வர்றது. பதில் சொல்லாம இருந்தா மரியாதை இல்லை. அதான் திருப்பிட்டேன். நல்ல நாளாப் பார்த்து வரட்டும்னு."

விண்ணப்பம் நல்ல நாள் பார்த்து வரவில்லை, குழுவின் வேகத்துக்கு வந்தது. மூன்று பேரும் மார்க் போட்டு முடிக்க ஏறக்குறைய இரண்டு வாரம். அடுத்த அஷ்டமியும் அந்தக் கணக்கில்தான் வரும். நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசைக்குப் போகிறவள். சாஃப்ட்வேர் பதிவில் தேதியைத்தான் பார்த்தேன், திதி எனக்கு எங்கே தெரியும்?

"சார், இன்னிக்குக் கடைசி நாள். இப்ப அமுக்கலைன்னா அந்த வகுப்பு மூடிடும்."

அவர் முகம் மாறியது. இது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும்தான். "இன்னிக்கு நவமியாச்சேம்மா. நாளைக்கு தசமி, பேஷா பண்ணிடலாமே?"

"நாளைக்கு அந்தப் பொத்தானே இருக்காது சார்."

அவர் டேப்பை என் பக்கம் நீட்டினார். "அப்ப நீயே அமுக்கு. நீதான் மனுஷாளையே நம்பமாட்டியே, திதியையா நம்பப் போறே?"

சுருக்கென்றது. கணக்காளர் விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. கை நீட்டினால் முடிந்தது, முசிறி பிழைத்தது. ஆனால் இதே காரியத்துக்காகத்தான் ஒரு மனுஷனின் லாகினை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

"என்னால முடியாது சார். நீங்கதான் அமுக்கணும்."

அவர் டேப்பை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். போய்விட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கை கால் அலம்பிக்கொண்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். நின்றுகொண்டே டேப்பை எடுத்தார்.

"ஏதாவது தோஷம்னா என்னோட போகட்டும். அந்தக் குழந்தைகள் கிட்டப் போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டு அமுக்கினார்.

நான் இவரையா சந்தேகப்பட்டேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் திரையில் பச்சை நிறம் வந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடி கணக்காளரைக் கூப்பிட்டு, லாகினைத் திறந்துவிடுகிறேன் என்றேன். "இருக்கட்டும் மேடம்" என்று வைத்துவிட்டார். அடுத்து முசிறிக்குப் போட்டேன். நிதி உறுதியாகிவிட்டது என்றேன் டீச்சரிடம். பிள்ளைகளிடம் சொல்லவேண்டும் என்றார், வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டும் என்றார். பிறகு சற்று நிதானித்துக் கேட்டார்.

"மேடம், மூணு தடவை திருப்பினது யாருங்க? எங்க மேல யாருக்கு என்ன கோபம்?"

அஷ்டமியில் பிள்ளைகளுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாதே என்று பயந்த ஒரு பெரியவர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"கோபமெல்லாம் இல்லைங்க டீச்சர். சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு."

"சரிங்க மேடம்" என்றார்.

அவர் நம்பவில்லை. அந்த "சரிங்க"வை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.