கறவைக்கு ஏற்ற நகம்
மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வேலந்தாவளத்து பியூட்டி பார்லருக்குப் போனேன். போன மாதம் அங்கே நீளமாக ஒட்டுநகம் வைத்தபோது நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் வீட்டுப் பசுவைக் கறக்கையில் நகம் மடியில் கீறி, அது உதைத்து, பாலோடு போசிப் பாத்திரம் பறந்தது. இன்னும் மடியில் கை வைத்தால் பசு மிரள்கிறது.

இம்முறை உட்கார்ந்ததுமே பார்லர்ப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்: "அம்மிணி, ஒட்டுநகம் வேண்டாம். ஒட்ட வெட்டி, முனையை ராவி உடு. நல்ல செவப்புப் பாலிஷ் போடு."

"நீளமா இருந்தாத்தானுங்க்கா போட்டோவுல எடுப்பா இருக்கும்."

"போட்டோ ஒரு நாளைக்கு. பசு தெனமும் ரெண்டு வேளை."

"செரிங்க்கா, மாடு சொன்னாச் செரி" என்று சிரித்தாள்.

சாயங்காலம் கறந்தபோது பசு அசைபோட்டபடி நின்றது. நுரைக்கு மேலே என் நகங்கள் சிவப்பாக மின்னின. "இங்க வந்து பாரு கண்ணு!" என்று மகளைக் கத்திக் கூப்பிட்டேன்.