சிவப்புப் பட்டனில நான் மறந்த பிரேக்பாயிண்ட்

ஓடுற புரோகிராமை நடுவுல நிப்பாட்டி உள்ளுக்க பார்க்கிறதுதான் எங்கட தொழில். நிப்பாட்ட வெக்கிற கண்ணிக்குப் பேர் பிரேக்பாயிண்ட். வெக்கிறது லேசு, மறக்காம எடுக்கிறதுதான் பாடு. இதே தொழில்ல கிடந்து அவதிப்படுற ஒங்களுக்குச் சொல்லவா வேணும்!

ரெண்டு சிப், ரெண்டு குணம்

மீன்பிடி போட்டுக்கு ஒரு பெட்டி செஞ்சம். ஆபத்தில சிவப்புப் பட்டன அமத்தினா, போட் நிக்கிற இடம் கரையில என்ட ஃபோனுக்கு வரும். பெட்டிக்குள்ள ஒரு வேர்ச்சுவல் மெஷின், அதாவது எழுதியே செஞ்ச பொய் மெஷின்; அதுக்குள்ள எங்கட புரோகிராம். என்ட லெப்டொப் சிப், கண்ணியில பட்டா ஒரு அடி தாண்டித்தான் நிக்கும்; நாமதான் பின்னுக்கு இழுக்கணும். பெட்டிச் சிப் பட்ட இடத்திலயே நிக்கும். நான் பழக்கத்தில அதையும் இழுத்தன். மெஷின் கிராஷாகி விழுந்திச்சு. மூணு நாள் தலையப் பிச்சன். கொழும்பில இருக்கிற சிங்களக் கூட்டாளி ரொஷான், அண்ணன் எண்டதுக்கு 'அய்யே' எண்டு கூப்பிடுறவன், ஃபோன்ல கேட்டான்:

"அய்யே, அது சரியான இடத்தில நிக்குது. நீங்க ஏன் இழுக்கிறது?"

கேபிள் கழட்டின கை

பள்ளிவாசல்துறையில மீன்பிடிக்கிற ஜூட் எனக்குத் தம்பி மாதிரி, 'நாநா' எண்டுதான் கூப்பிடுவான். அவன்ட போட்டில பெட்டியப் பூட்டினம். பட்டன் வேலை செய்ற இடத்தில கண்ணி வெச்சு அமத்தினன். அச்சாவா நிண்டிச்சு. திரும்ப ஓட விட்டு, அந்தச் சந்தோஷத்தில கேபிளக் கழட்டிட்டு இறங்கிட்டன். ஜூட் கடலுக்குப் போயிட்டான்.

லெப்டொப்பில எங்கட டிபக்கரை, அந்தக் கண்ணி வெக்கிற புரோகிராமை, மூடினா கண்ணி தானாப் போயிரும். பெட்டிச் சிப்புக்கு அந்த வேலைய நாங்க இன்னும் எழுதல்ல. இது ஞாபகம் வரேக்க வாயில சோறு, வெளிய காத்து எழும்பிட்டு, ஜூட்ட எஞ்சின் காலையிலயே இருமினது. ரொஷானுக்கு எடுத்தன்.

"அமத்தினா பெட்டி கல்லு மாதிரி நிக்கும், கரைக்கு ஒண்டும் வராது. முதல்ல ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொல்லுங்க அய்யே, கண்ணி அழிஞ்சிரும்."

ரேடியோவில யாரு?

மீனவர் சங்கக் கொட்டிலுக்கு ஓடினன், போட்டுகளோட கதைக்கிற ரேடியோ அங்கதான். ஒண்டை ஒத்துக்கொள்ளணும்: அந்த ரேடியோவில நான் சர்ச் ஃபாதர் மாதிரியும் சங்கத் தலைவர் மாதிரியும் கதைச்சு ஜூட்டப் பல தரம் ஏமாத்தியிருக்கன்.

"ஜூட், பட்டனத் தொடாத! பெட்டிய ஓஃப் பண்ணி ஓன் பண்ணு!"

"இண்டைக்கு யார்ட குரல் நாநா? பயந்த ஆள் மாதிரி நல்லா நடிக்கிறீங்க!"

அல்லாஹ் மேல சத்தியம் பண்ணினன். சிரிச்சான். பின்னால கேட்டுக்கிட்டிருந்த எஞ்சின் சத்தம் டக்கெண்டு நிண்டிச்சு. அவன்ட குரலும் மாறிச்சு.

"எஞ்சின் நிண்டிட்டு நாநா. நடிப்ப முடிங்க, நான் பட்டன அமத்தணும்."

கதிரையில கிடந்தது

கொட்டில் பக்கத்தில கருவாடு காயப்போட்டுக்கிட்டிருந்த அவன்ட பொஞ்சாதி ரீட்டாட கையில மைக்கத் திணிச்சன்.

"இஞ்சாருங்க, பெட்டிய ஓஃப் பண்ணுங்க!"

"ஐயோ நாநா, ரீட்டாட குரல அப்பிடியே செய்றீங்களே!"

ரீட்டாட மூக்கு சிவந்திச்சு. "எஞ்சினுக்குப் போட வாங்கின ஃபில்டர் நம்மட கதிரையில கிடக்கு. அது நாநாக்கு எப்பிடித் தெரியும்? ஓஃப் பண்ணும் ஐசே!"

ரேடியோவில ரெண்டு தரம் 'டிக்' எண்டு கேட்டிச்சு: ஓஃப், ஓன். பிறகு பட்டன அமத்தியிருக்கான், என்ட ஃபோன் அடிச்சிச்சு: போட் நிக்கிற இடம்! பக்கத்தில நிண்ட போட் ஒண்டு போய்க் கட்டி இழுத்திச்சு. ரீட்டா மைக்கத் திருப்பித் தந்தா.

"அவர் போட மறக்கிறார், நீங்க எடுக்க மறக்கிறீங்க. நல்ல சோடி!"

இப்ப எந்தச் சிப்பில டிபக்கரை மூடினாலும் கண்ணி தானாப் போயிரும். என்ட குரல்ல ஜூட்டுக்கு இருக்கிற சந்தேகம் போறதுக்குத்தான் இன்னும் ஒண்டும் எழுதல்ல.