தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை

ஜூலை இருபத்தேழாம் தேதி, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அம்மாவுடன் வேலை செய்யும் பெண் எனக்கு ஃபோன் செய்தார். அம்மா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் நான்காவது மாடியில் புடவை எடுத்துக் காட்டும் வேலையில் இருக்கிறாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே கெண்டைக்கால் சுருட்டி இழுத்து, நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டாள் என்றார்.

அந்த இழுப்பு எனக்குப் புதிதல்ல. விடியற்காலையில் காலைப் பிடித்துக்கொண்டு அவள் சத்தமில்லாமல் பல்லைக் கடிப்பதை இரண்டு மாதமாகப் பார்த்திருந்தேன். மந்தைவெளி மருந்துக்கடையில் விசாரித்து, ஆரஞ்சு நிற வைட்டமின் மாத்திரை வாங்கித் தந்தேன். மூன்று வாரம் ஒருநாளும் தவறாமல் விழுங்கினாள். இழுப்பு குறையவில்லை. நான் இன்னும் இரண்டு அட்டை வாங்கினேன்.

கடையின் பின்புறப் படிக்கட்டில் அம்மா காலை நீட்டி அமர்ந்திருந்தாள். ஃபோன் செய்த பெண் கீழ்ப்படியில் உட்கார்ந்து அந்தக் காலை நீவிக்கொண்டிருந்தார்.

“நீதான் பொண்ணா? உன் மாத்திரைய எங்க எல்லாருக்கும் காட்டிக்கினே இருக்கும் உங்கம்மா, எம்பொண்ணு வாங்கிக் குடுத்துச்சுன்னு. ஆனா ஒரு வாய் தண்ணி குடிக்காது. அப்டியே முழுங்கிடும்.”

“ஏன்?”

“குடிச்சா பாத்ரூம் போணும்ல? அது கீழ, வண்டி நிறுத்துற எடத்துல கீது. நாலு மாடி எறங்கி ஏறி வர்றதுக்குள்ள சூப்பர்வைசர் எங்க போனன்னு மூணு தபா கேட்ருவாரு. காலைல வூட்ல குடிக்கிற காபியோட சரி. நாங்க எல்லாருமே அப்டித்தான்.”

“சும்மா இருடி. கொழந்தை கிட்டப் போய்,” என்றாள் அம்மா.

அன்று மாலை மருத்துவர், நிறையத் தண்ணீர் குடிக்கவும் நடுநடுவே உட்காரவும் சொன்னார். அம்மா இரண்டுக்கும் “சரிங்க” என்றாள். பத்து மணி நேர வேலையில் எப்போது தண்ணீர் குடிக்கிறாய் என்று நான் அவளை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மாத்திரை வாங்குவது எளிதாக இருந்தது.

மறுநாள் காலை அவள் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தேன். செருப்பு மாட்டும்போது அதை எடுத்து என்னிடமே தந்தாள்.

“ஆடி முடியட்டும்மா.”

மாத்திரை அட்டை மட்டும் பையில் இருந்தது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். மூடியைத் திறந்து நீட்டினேன். மணி பார்த்துவிட்டு இரண்டு வாய் குடித்தாள். பேருந்து போன பிறகு, மூடியைத் திருகிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.